நடுவில் ஒரு திட்டு

ஜனவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா? தலைவலி எப்படி இருக்கு? நான் சௌக்கியம். முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேக்கறதில்லை. மத்த உறுப்பெல்லாம் கூட்டுக் குடும்பமாத்தான் இருக்கு.

போன்ல பேசலாமேன்னு நீ கேப்பே. போன்ல பாதிப் பேச்சுலயே ‘சரி, வெக்கறேன்’னு வெச்சிடறே. காகிதத்துல நீ குறுக்க பேச முடியாது பாரு.

உன் அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன் வேலை காலியா இருக்குன்னு எழுதியிருந்தே. நாற்காலியில உக்காந்து கேட்டைத் திறந்து மூடற வேலை, முட்டிக்கு நல்லது, சாப்பாடு உன் கையால. எல்லாம் சரி. ஆனா இங்க ஒரு சங்கதி பாதியில நிக்குது, கேளு.

நான் பொக்லைன் ஓட்டற இந்தப் பூங்கா இருக்கே, இது ஒரு காலத்துல செங்கல்லுக்கு மண்ணெடுத்த பள்ளம். அப்புறம் ஊர் குப்பை கொட்டற இடம். அதுக்கப்புறம் ஆகாயத்தாமரை மூடி, தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியாம கிடந்துச்சு. இப்ப மறுபடி குளமாக்கறோம். குப்பையைத் தோண்டினா என்னென்ன வருதுங்கறே? தையல் மிஷின் ஒண்ணு. ஒத்தைச் செருப்பு மட்டும் ஒரு வண்டி. ஊர்ல பாதிப் பேர் நொண்டிக்கிட்டா இருந்தாங்க? அது கிடக்கட்டும்.

பறவையைப் பத்திப் படிச்ச மேடம் ஒருத்தங்க இங்க பொறுப்பா இருக்காங்க. முன்னாடி வசந்தம் வந்தா ஆலான்னு ஒரு பறவை கூட்டமா கடல் தாண்டி வந்து இங்க முட்டை வெக்குமாம். வெள்ளையா இருக்கும், வால் கத்திரிக்கோல் மாதிரி இருக்கும். புல் பூண்டு இல்லாத மொட்டை மேடுதான் அதுக்குப் பிடிக்கும், அதுவும் சுத்தித் தண்ணி இருக்கணும், நாய் வரக் கூடாது. அதனால குளத்து நடுவுல ஒரு மேடு போடணும்னு பேச்சு. எப்பன்னு மேடம் சொல்வாங்க.

ஆலா வந்து தங்கிட்டா தண்ணியையும் கரையையும் பாத்துக்க நிரந்தரமா ஓர் ஆள் வெப்பாங்களாம். அது நான்தான்னு மேடம் சொல்லிட்டாங்க. வரலைன்னா என் வேலை அத்தோட சரி. தங்கச்சி, இத்தனை வருஷமா நான் தோண்டின இடத்துல எல்லாம் கட்டடம்தான் வந்துச்சு. முதல் தடவை ஒரு குருவி வரட்டுமேன்னு தோண்டறேன். வருதான்னு பாக்காம எப்படிக் கிளம்பறது?

அதனால ஒரு ஒப்பந்தம். மே முடியறதுக்குள்ள ஆலா முட்டை வெச்சா நான் இங்க. வெக்கலைன்னா மூட்டையைக் கட்டிட்டு உன் கேட்டுக்கு வந்துடறேன். முட்டையா மூட்டையா, ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்.

உன் பையனைக் கேட்டதாச் சொல்லு.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலம் உன் முட்டி சொன்னால்தான் நம்புவேன்.

ஒப்பந்தம் எனக்குச் சம்மதம். மே மாதம் வரை ஆள் எடுக்க வேண்டாம் என்று அபார்ட்மெண்ட் செக்ரட்டரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ‘உங்கண்ணன் என்ன ராஜாவா, நாங்க காத்திருக்க?’ என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் கேட்பது உன் முட்டிக்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லாண்டரியில் புது மிஷின் வந்திருக்கிறது. போர்வையை மடித்தே கொடுக்கிறது. என்னைவிட நன்றாக மடிக்கிறது என்பதுதான் எரிச்சல். என் மகன்? கேட்காதே. ஈரத் துண்டை மெத்தைமேல் போடுகிறான். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிறது. நான் பேசினால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமலே தலையாட்டுகிறான். ஒருநாள் ‘வீடு பத்திக்கிச்சுடா’ என்றேன். அதற்கும் தலையாட்டினான். கொஞ்சம் எழுதி வை, உன் பேச்சையாவது கேட்கட்டும்.

குளிரில் தண்ணீரில் இறங்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியமா? சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்கா நடக்குதா? நானும் நல்லா இருக்கேன்.

உன் பையனை ஒண்ணும் சொல்லாதே. நானும் அப்படித்தான் தலையாட்டுவேன். பொக்லைன் உள்ள உக்காந்தா ஒண்ணும் கேக்காது. வெளிய மேடம் கையை ஆட்டுவாங்க, நான் தலையை ஆட்டுவேன். அப்புறம் இறங்கி வந்து, ‘என்ன மேடம் சொன்னீங்க?’ன்னு கேப்பேன். ‘நிறுத்துன்னு சொன்னேன் டிரைவர், பத்து நிமிஷமா’ம்பாங்க.

ஆகாயத்தாமரை போயிடுச்சு. குளம் இப்ப வெறும் சேறா, மொட்டைத் தலை மாதிரி பளபளன்னு கிடக்கு. மதகை அடைச்சு வெச்சிருக்கோம். அடுத்த மாசம் தண்ணி விடணும். அதுக்குள்ள நடுவுல மேடு போட்டாத்தான் உண்டு. தண்ணி வந்துட்டா வண்டி உள்ள இறங்காது.

கரையில நாணல் நட ஊர்க்காரங்க ஒரு கூட்டம் வருது. சம்பளம் கிடையாது, ஆசைக்கு வர்றாங்க. பேக்கரிக்காரர்தான் தலைவர். பேங்க்ல இருக்கற அம்மா ஒண்ணு, டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தர், இன்னும் கொஞ்சம் பேர். எனக்கு ‘மண்ணு மாமா’ன்னு பேர் வெச்சிருக்காங்க. நல்லவங்கதான். ஆனா போட்டோ எடுக்கறேன்னு நான் இழைச்சு வெச்ச கரையையெல்லாம் மிதிச்சே சரிச்சிடறாங்க. எருமை கூட ஒரே தடத்துல நடக்கும்மா.

உள்ளான் குருவி கொஞ்சம் வந்து இறங்கியிருக்கு. குச்சிக் காலை வெச்சுக்கிட்டு சேத்துல ஊசி குத்தற மாதிரி குத்திக்கிட்டே போகுது. வடக்க போற வழியில டீ குடிக்க இறங்கின மாதிரிதான், தங்காது.

மேடம் ஏதோ மீட்டிங்னு வெளியூர் போறாங்க. எல்லாம் போன்ல சொல்வாங்களாம்.

உன் அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இந்த வாரம் வீட்டில் இருக்கும் திரைச்சீலை, உறை எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். உள் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். நீ வந்தால் காற்று வரும். தெருவும் தெரியும். நம் தெருவில் ஒன்றும் நடக்காது, இருந்தாலும் தெரியும்.

ஆலா எப்படிக் கத்தும்? நீ எழுதவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன்னு எழுத வெக்கமா இருக்கு. கட்டிலைத் தட்டிப் போட்டு வை, நான் வந்தாலும் வந்துடுவேன். என்ன நடந்துச்சுன்னா, சிரிக்காம கேளு.

மதகு திறக்கறதுக்கு முதல் நாள் மேடம் போன் பண்ணாங்க. ரயில்ல இருந்து பேசறாங்க, பாதி சத்தம் ரயில், பாதி மேடம். ‘டிரைவர், நாளைக்கு செடி நட ஆளுங்க வர்றாங்க. அவங்களுக்கு முன்னாடி, நடுவுல ஒரு திட்டு போட்டுடுங்க. நல்லா பெருசா இருக்கணும். அப்புறம் யாரும் அங்க கால் வெக்கக் கூடாது’ன்னாங்க. நானும் ‘ஆகட்டும் மேடம்’னேன்.

தண்ணி நடுவுல நிக்கற மேட்டுக்குத் திட்டுன்னு பேராம், நாமெல்லாம் அதை மேடுன்னுதானே சொல்லுவோம்? மேடமும் இதுவரைக்கும் என்கிட்ட மேடுன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. மீட்டிங்ல நாலு படிச்சவங்களோட பேசிப் பேசி வார்த்தை மாறிடுச்சு போல. எனக்குத் தெரிஞ்ச திட்டு, பிறந்ததுலேர்ந்து நான் வாங்கிக்கிட்டு வர்ற திட்டு ஒண்ணுதான். கரையை மிதிக்கறாங்களே, அதுக்குத்தான் மேடம் சொல்றாங்கன்னு நினைச்சேன். எனக்கும் உள்ளுக்குள்ள சந்தோஷம்னு வெச்சுக்கோயேன்.

மறுநாள் காலையில எல்லாரும் நாணல் கட்டோட வந்தாங்க. நடட்டும்னு விட்டேன். நடுவுலன்னு சொன்னாங்களே, பாதி வேலை ஆகட்டும்னு காத்திருந்தேன். அப்புறம் பொக்லைன் மேல ஏறி நின்னு ஆரம்பிச்சேன். ‘யோவ் பேக்கரி! அது கரையா, இல்ல உன் ரொட்டி மாவா? இப்படிப் பிசையறே?’ பேங்க் அம்மாவைப் பாத்து, ‘உங்க பேங்க்ல பூந்து நான் இப்படி மிதிச்சா சும்மா விடுவீங்களா?’ டிரைவிங் ஸ்கூல்காரரை, ‘ரிவர்ஸ்ல போகத் தெரியாத ஆளு நீ, உன்கிட்ட படிச்சவன் எல்லாம் எந்தப் பள்ளத்துல கிடக்கறானோ!’ பெருசா இருக்கணும்னு சொன்னாங்களேன்னு இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அதெல்லாம் எழுத முடியாது, நீ பொம்பளைப் பிள்ளை.

அவ்வளவுதான். நாணலைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. மேடம் சொன்னபடியே அப்புறம் ஒருத்தரும் கால் வெக்கலை. சாயங்காலம் மதகைத் திறந்து தண்ணி விட்டேன். குளம் ரொம்பிடுச்சு.

மேடம் ஊர்லேர்ந்து வந்து கரையில நின்னாங்க.

‘டிரைவர், திட்டு எங்க?’

‘அன்னைக்கே போட்டுட்டேன் மேடம். செம திட்டு.’

‘எங்க போட்டீங்க?’

‘இதோ, கேட்டுக்கிட்ட வெச்சுத்தான்.’

‘கேட்டுக்கிட்டயா? தண்ணிக்கு நடுவுல இல்ல சொன்னேன்!’

‘தண்ணிக்கு நடுவுல யாரை மேடம் திட்டறது, தவளையையா?’

அந்தம்மா என்னையே பாத்துச்சு. அப்புறம் கரையிலயே உக்காந்துடுச்சு. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு நான் பாக்கலை, வண்டிக்குக் கிரீஸ் போடற மாதிரி அந்தப் பக்கம் போயிட்டேன்.

தண்ணியை வடிக்கவும் முடியாது. உள்ளான் கூட்டம் கூட்டமா ஓரத்துல இறங்கி மேயுது. வடிச்சுத் திரும்ப ரொப்பறதுக்குள்ள ஆலா வர்ற காலம் தாண்டிடும். மேடு இல்லைன்னா ஆலா இல்லை. மூட்டைதான் போலிருக்கு.

உன் அண்ணன்

மறந்துட்டேன். ஆலா ‘கிர்ர்ரீ’ன்னு கத்துமாம், கிணத்து ராட்டினத்துக்கு எண்ணெய் போடாத மாதிரி. மேடம் கத்திக் காட்டினாங்க. இது அந்தச் சண்டைக்கு முன்னாடி.


மார்ச் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை லாண்டரியில் வைத்துப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் ஓடி வந்தாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது இங்கே யாரைக் கண்டித்தாலும் ‘நடுவுல ஒரு திட்டு’ என்கிறார்கள்.

சரி. சிரித்தது போதும். நீ ஏன் உட்கார்ந்துவிட்டாய்? வண்டி இறங்காவிட்டால் ஆள் இறங்கலாம். கல்லை மூட்டையில் கட்டி, படகோ தெப்பமோ எதிலாவது கொண்டுபோய்க் கொட்டினால் மேடு ஆகாதா? அதற்குக் கை வேண்டும். கை எல்லாம் உன்மேல் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறது. போய்க் கூப்பிடு. ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் போ. மன்னிப்பு என்று இழுக்காதே, உனக்கு வராது. எனக்கு எழுதினாயே, அதை அப்படியே சொல். பேக்கரிக்காரரிடம் முதலில் போ.

செக்ரட்டரி மறுபடியும் கேட்டார். வேறு ஆள் வந்திருக்கிறானாம். உன் கடிதத்தைப் படித்த பிறகு, இப்போதைக்கு நீ வருவது போலத்தான் தெரிகிறது. ஆனால் இப்படிப் பாதியில் விட்டுவிட்டு நீ இங்கே வர வேண்டாம். கல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு வா.

உன் தங்கை


ஏப்ரல் 15

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியமா? உன் கை வலிக்காம இருக்கணும், மூளை அதைவிட நல்லா இருக்கணும். நீ சொன்னபடி போனேன்.

பேக்கரியில கூட்டம். நான் கடைசியில நின்னேன். பேக்கரிக்காரர் பாத்துட்டாரு. ‘என்ன மண்ணு மாமா, நேத்து சுட்ட ரொட்டிக்குத் திட்ட வந்தீங்களா, நாளைக்குச் சுடப்போற ரொட்டிக்கா?’ன்னாரு. கடையே திரும்பிப் பாக்குது. நான் கதையைச் சொன்னேன். ரயில், மேடம், திட்டு, தவளை எல்லாம். மனுஷன் முதல்ல முறைச்சாரு. தவளை வந்ததும் தட்டை வெச்சுட்டு மேஜையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘அப்ப அந்த ரொட்டி மாவு?’ன்னு கேட்டாரு. ‘அது மேடம் சொல்லலைங்க, நானா சேத்தது’ன்னேன். அதுக்கும் ஒரு சிரிப்பு.

பேங்க் அம்மா மட்டும் சிரிக்கலை. ‘யோசிச்சுச் சொல்றேன்’னு கதவைச் சாத்திட்டாங்க. பேங்க்ல இருந்தாலே அப்படித்தான் போல.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்தாங்க, பேங்க் அம்மாவும். காலி டிரம்மைக் கட்டி மேல பலகை போட்டு தெப்பம் பண்ணினோம். கூழாங்கல்லைச் சாக்குல கட்டி, ஒரு கை மாத்தி ஒரு கை, தெப்பத்துக்கு. பேக்கரிக்காரர் ஒரு சட்டம் போட்டாரு, ஒவ்வொரு சாக்கு தண்ணியில விழும்போதும் ஒருத்தர் என்னை ஒரு திட்டு திட்டணும்னு. ‘காது மந்தம்!’ தொப். ‘பொக்லைன் தலையா!’ தொப். பேங்க் அம்மா முறை வந்துச்சு. சாக்கைத் தூக்கி, ‘எருமை கூட ஒரே தடத்துல நடக்கும்!’னு போட்டாங்களே ஒரு போடு. நான் முன்னாடி கரையில நின்னு முணுமுணுத்தது அவங்க காதுல விழுந்திருக்கு! மேடமும் ரெண்டு மூணு போட்டாங்க, நல்லா பழகின கை.

இப்படியே மூணு ஞாயிறு. இப்ப தண்ணிக்கு மேல ஒரு கட்டில் அகலத்துக்கு நாலு மடங்கு, மொட்டையா, கல்லுக் கல்லா நிக்குது. அத்தனையும் திட்டிப் போட்ட திட்டு.

ஆலா போன வாரம் வந்துச்சு தங்கச்சி. ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும். மேல சுத்திச்சு, கீழ பாத்துச்சு. கத்திச்சு, மேடம் கத்தினதை விட நல்லாவே இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. இறங்கலை. தினமும் வேலை முடிஞ்சு கரையில நிக்கறேன். நின்னா வருமா என்ன, ஆனாலும் நிக்கறேன்.

உன் கடுதாசி வந்து நாளாச்சு. மிஷின் உன் நேரத்தையும் சேத்து மடிச்சு வெச்சிடுச்சா?

உன் அண்ணன்


மே 3

அன்புத் தங்கச்சிக்கு,

எப்படி இருக்கே? பதில் இல்லாமலே மறுபடி எழுதறேன்.

முட்டை! ஆலா இறங்கிடுச்சு. கூடு கீடு ஒண்ணும் கட்டலை, வெறுங் கல்லு மேலயே வெச்சிருக்கு. கல்லு எது முட்டை எதுன்னு தெரியலை. மேடம் பெரிய குழாய் மாதிரி ஒண்ணுல காட்டினாங்க. ‘டிரைவர், அந்தக் கல்லு பாருங்க, புள்ளி வெச்சது’ன்னாங்க. பேக்கரிக்காரர் எல்லாருக்கும் பன் கொண்டு வந்தாரு. பேங்க் அம்மா எனக்குக் கை குடுத்தாங்க. நிரந்தர வேலைன்னு மேடம் சொல்லிட்டாங்க. குளத்தோரம் ரெண்டு அறை வெச்ச வீடும் உண்டாம்.

ஒப்பந்தப்படி நான் ஜெயிச்சாச்சு. உனக்கு எழுதணும்னு உக்காந்தேன். எழுதறதுக்கு முன்னாடி உன் கடுதாசியை எல்லாம் எடுத்து ஒரு தடவை படிச்சேன், பெருமையடிக்க ஏதாவது கிடைக்குமான்னு.

அப்பத்தான் பாத்தேன். நீ உன் பையனைத் திட்டாம ஒரு கடுதாசி எழுதினதே கிடையாது. அவன் பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து அப்படி. பிப்ரவரியில ஈரத் துண்டு, ஃபேன் எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. ஒரு துண்டு இல்லை, ஒரு தலையாட்டல் இல்லை. எனக்குக் கட்டில் போட்டேன்னியே, உள் அறையில. அது அவன் அறைதானே?

தங்கச்சி, நீ தனியாவா இருக்கே?

அப்படின்னா ஒப்பந்தமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஆலா ஒண்ணும் என்னை நம்பி முட்டை வெக்கலை, அதைப் பாத்துக்க மேடம் வேற ஆள் வெப்பாங்க. ஒரு வார்த்தை எழுது. செக்ரட்டரிகிட்ட ராஜா வர்றார்னு சொல்லு. கேட்டைத் திறந்து மூடறது எனக்கு என்ன கஷ்டம்?

உன் அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இந்த முறை சும்மா எழுதவில்லை, நலம்தான்.

அவன் பிப்ரவரியிலேயே போய்விட்டான். நல்ல வேலை, தூரத்து ஊர். நானே போகச் சொன்னேன், பெட்டியும் நானே அடுக்கினேன். அவன் கிளம்பும்போது காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் கட்டிலில் கிடந்த ஈரத் துண்டை நான் எடுக்கவில்லை. நாலு நாள் அப்படியே கிடந்தது.

உன்னை வா என்று கூப்பிட்டது உன் முட்டிக்காக இல்லை, அவன் போகப் போவது ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். ஆனால் அவன் போனதை உனக்கு எழுத மனம் வரவில்லை. எழுதினால் நீ கல்லையும் குளத்தையும் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்துவிடுவாய். இப்போதும் அப்படித்தானே எழுதியிருக்கிறாய்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ ஆலா இறங்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து ஒரு மாலை முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு வெட்கமாக இருந்தது. அதனால்தான் பதில் எழுதவில்லை. முட்டை என்ற வார்த்தையைப் பார்த்ததும் லாண்டரியில் கத்திவிட்டேன். இந்த முறை வெட்கம் இல்லை.

நீ வரக் கூடாது. செக்ரட்டரியிடம் அந்த வேறு ஆளையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உன் தங்கை


மே 30

அன்புத் தங்கச்சிக்கு,

எப்படி இருக்கேம்மா? பசிக்குச் சாப்பிடறியா? உன் கடுதாசி வந்து, அதுக்கு நான் உடனே எழுதின பதில் உனக்கு வந்திருக்கும். நான் வரலைன்னா நீ இங்க வந்துடுன்னு எழுதினேன். அதுக்கு உன்கிட்டேர்ந்து ஒரு பேச்சும் காணோம். வரலைன்னாலும் வரலைன்னு எழுதலாம். உன் பையன் மட்டுந்தான் பதில் சொல்லாம தலையாட்டலாம்னு நினைச்சேன்.

கோவமா இருந்தா திட்டி எழுது. இங்க திட்டுக்கு நல்ல மதிப்பு.

குஞ்சு பொரிச்சாச்சு. பஞ்சுல உருட்டின கூழாங்கல்லு மாதிரி இருக்கு. தாய்ப் பறவை மீன் கொண்டாந்து குடுக்குது. ஒரு குஞ்சு வாயைத் திறந்துட்டு நிக்கும், பக்கத்துக் குஞ்சு பிடுங்கிட்டுப் போயிடும். அப்பனா தாயா தெரியலை, பெருசு ஒண்ணு அதைத் துரத்திக்கிட்டு ஓடுது. மேடம் சொல்றாங்க, ஆடி முடியறதுக்குள்ள இதெல்லாம் பறந்துடுமாம். போய் அடுத்த வசந்தத்துக்குத்தான் வருமாம்.

வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. பேக்கரிக்காரர்தான் அடிச்சாரு, பாதி சுவத்துக்கு, பாதி தரைக்கு. ரெண்டாவது அறையில நான் ஸ்பேனர், கிரீஸ் டப்பா, பழைய டயர்னு அடைச்சு வெச்சிருந்தேன். எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன். பேங்க் அம்மா ஒரு பஞ்சு மெத்தை குடுத்திருக்காங்க. இந்த ஊர் ஆஸ்பத்திரியிலயும் லாண்டரி இருக்கான்னு விசாரிச்சேன். இருக்கு. அங்க மடிக்கற மிஷின் கிடையாதாம், கையாலதான் மடிக்கணுமாம். உனக்குப் போட்டி இல்லை. நான் உன்னை வற்புறுத்தலை, சும்மா சொல்லி வெக்கறேன். நீ யோசிச்சு மெதுவா

இரு, கேட்டுக்கிட்ட யாரோ ‘அண்ணே, அண்ணே’ன்னு கூப்பிடறாங்க. மேடத்துக்கு நான் டிரைவர், மத்தவங்களுக்கு மண்ணு மாமா. இந்த ஊர்ல என்னை அண்ணேன்னு கூப்பிட ஆள் ஏது? பெட்டியும் கையுமா ஒரு அம்மா கரையோரமா வருது. கரையை மிதிக்காம ஒதுங்கி ஒதுங்கித்தான் வருது, நல்ல பொம்பளை. நடக்கற நடை மட்டும் அச்சு அசலா உன்ன மாதி